இரட்டை வேகத்தில் கேட்ட பதில்

“சார், எப்பதான் சார் முடியும்?”

லேப்டாப் திரைக்குள் உட்கார்ந்திருந்த ஆய்வு நெறியாளர் நௌஷாத் பதில் சொல்லவில்லை.

மங்கையர்க்கரசி கொஞ்ச நேரம் பொறுத்தாள். அவள் கணக்கில் கொஞ்ச நேரம் என்பது ஒரு மூச்சு.

“சார்? கேக்குதா? ஹலோ?”

திரையில் அவர் அசையவில்லை.

“நெட்டு போயிட்டு” என்று சொல்லிக்கொண்டு அழைப்பைத் துண்டித்தாள். மறுபடி கூப்பிட்டாள்.

அவர் அதே நாற்காலியில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். நெட்டு எங்கேயும் போகவில்லை.

பழைய கதைகளில் குரு மௌனமாக இருந்தால் சீடருக்கு ஞானம் பிறக்கும். இந்தக் கதையில் சிக்னல் மேல் சந்தேகம் பிறந்தது. ஆசிரமமே லேப்டாப்புக்குள் வந்துவிட்ட காலத்தில் வேறு என்ன பிறக்கும்?

இன்னொரு வித்தியாசமும் உண்டு. இந்தக் குருவுக்குச் சீடரைவிடப் பதினோரு வயது குறைவு. தாடி கிடையாது. திருச்சியில் ஒரு வாடகை வீட்டில், துணி காயும் பால்கனிக்கு முன்னால் உட்கார்ந்து வழி காட்டிக்கொண்டிருந்தார். தான் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தபோது இந்த ஆள் டவுசர் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருப்பார் என்பது மங்கையர்க்கரசிக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது. ஆய்வேடு திரும்பி வரும்போதெல்லாம் தவறாமல் வந்தது.

அவள் திருநெல்வேலியில் ஒரு நர்சிங் கல்லூரியின் துணை முதல்வர். கல்லூரியை நடத்துவது அவள். கையெழுத்துப் போடுவது முதல்வர். அந்த முதல்வர் மே மாதம் ஓய்வு பெறுகிறார்.

அந்த நாற்காலிக்கு முனைவர் பட்டம் வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. இல்லையென்றால் வெளியிலிருந்து ஆளைக் கொண்டுவருவார்கள். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் ஏற்கெனவே வந்து, முதல்வர் அறையைச் சுற்றிப் பார்த்து, ஏசியைப் போட்டு அணைத்துவிட்டுப் போயிருந்தார். அவருக்குக் காபி கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னதும் மங்கையர்க்கரசிதான்.

வயிறு எரியாதா?

அதனால்தான் ஆன்லைன் முனைவர் படிப்பில் சேர்ந்தாள். ‘வேலையை விடாமல், வீட்டை விட்டு நகராமல், உங்கள் வேகத்தில்’ என்று விளம்பரம் சொன்னது. மற்றவர்கள் முதல் இரண்டையும் நம்பிச் சேர்ந்தார்கள். அவள் மூன்றாவதை நம்பிச் சேர்ந்தாள்.

பாடங்களை இரட்டை வேகத்தில் கேட்டாள். பேசுகிறவர் மூச்சு வாங்கும் இடங்களை வெட்டித் தள்ளிவிடும் செயலி ஒன்று இருக்கிறது. அதையும் போட்டுக்கொண்டாள். காலேஜ் பஸ்ஸில் கேட்டாள், குக்கர் விசில்களுக்கு நடுவில் கேட்டாள், மாணவிகள் ஊசி போடப் பழகும் அறையில் ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு கேட்டாள். பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் அவள் பெயருக்கு நேரே, முடித்த பாடங்களைக் காட்டும் பச்சைப் பட்டை விறுவிறுவென்று வளர்ந்தது. கூடச் சேர்ந்த வேலூர்க்காரப் பெண்ணின் பட்டை பாதியைக்கூடத் தாண்டவில்லை. மங்கையர்க்கரசி அவளுக்காக மனதார வருத்தப்பட்டாள்.

ஆய்வுத் தலைப்பு நல்ல தலைப்பு. சர்க்கரை நோயாளிகள் இன்சுலின் ஊசியை ஏன் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்?

அறுபது நோயாளிகளிடம் பேட்டி எடுக்க வேண்டும். மற்றவர்கள் என்றால் வீடு வீடாக அலைவார்கள், வருஷம் ஓடிவிடும். மங்கையர்க்கரசி மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனிலேயே கேட்டு முடித்தாள். பதிவான பேச்சைக் கம்ப்யூட்டரே எழுத்தாக்கிக் கொடுத்தது. பதிவுகளை ஒரு தடவை இரட்டை வேகத்தில் ஓட்டிச் சரிபார்த்துவிட்டு, எழுத்தில் பதிலை எண்ணினாள்.

பயம்.

அறுபதில் ஐம்பதுக்கு மேல் அதே பதில். ஊசி என்றால் பயம்.

உடனே மாணவிகளை நடிக்க வைத்து, ‘ஊசிக்குப் பயம் வேண்டாம்’ என்று ஒரு வீடியோ எடுத்து, அறுபது பேர் போனுக்கும் அனுப்பினாள். அதையும் ஓர் அத்தியாயமாக எழுதினாள். எல்லாம் முடிந்தது. நெறியாளர் தலையாட்டினால் போதும்.

நெறியாளருடைய தலைதான் ஆட மறுத்தது.

முதல் தடவை ஆய்வேடு திரும்பி வந்தபோது ஒரு வரி எழுதியிருந்தார்: ‘இவங்க எல்லாரும் ஒரே ஆளா?’

மங்கையர்க்கரசிக்குப் புரியவில்லை. அறுபது பேரின் வயது, ஊர், தொழில் எல்லாம் போட்டு ஒரு பட்டியல் அனுப்பினாள்.

இரண்டாம் தடவை வந்தது: ‘இவங்க யாருமே யோசிக்க மாட்டாங்களா?’

அதற்குப் படிப்பறிவு விவரம் அனுப்பினாள்.

மூன்றாம் தடவை ஒரு வரியும் இல்லை. ஆய்வேடு மட்டும் வந்தது.

இந்தச் சனிக்கிழமை அழைப்பில் அவள் ஒரு முடிவோடு உட்கார்ந்திருந்தாள். திங்கட்கிழமை நிர்வாகக் கூட்டம். ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டேன் என்று ஒரு தாளைக் காட்டினால்கூடப் போதும் என்று செயலாளர் சொல்லியிருந்தார்.

“சார், நான் நேரடியாவே கேக்கேன். என் ஆய்வேட்டுல என்ன தப்பு?”

“தப்புன்னு நான் சொல்லலையே மேடம்.”

“அப்ப கையெழுத்துப் போட வேண்டியதுதானே?”

அவர் மறுபடி பேசாமல் இருந்தார்.

“சார், ம்யூட்ல இருக்கீங்களா?”

“இல்ல மேடம். இங்கதான் இருக்கேன்.”

“பேச மாட்டேங்குறீங்களே.”

“ஒரு பேட்டியைப் போடுங்க. கேப்போம்.”

“எழுத்துல எல்லாமே இருக்கு சார்.”

“காதால கேப்போம்.”

“எதைப் போட?”

“எதையாவது.”

அவள் முதலில் கைக்கு வந்ததைத் தட்டினாள். அம்பாசமுத்திரம் பக்கம் பீடி சுற்றும் இசக்கியம்மாளின் பேட்டி. கிர்ரென்று ஓடத் தொடங்கியது.

“இது என்ன, அணில் பேசுற மாதிரி இருக்கு?”

“இரட்டை வேகம் சார். பழகிட்டா சரியாயிரும்.”

“சாதா வேகத்துல வைங்க. அந்த வெட்டுற செயலியையும் எடுத்துருங்க.”

“ரொம்ப இழுக்கும் சார்.”

“இழுக்கட்டும். ஒண்ணே ஒண்ணு மேடம். முடியுற வரைக்கும் நாம ரெண்டு பேரும் பேசக் கூடாது.”

டவுசர் போட்ட பையன், என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அவள் சாதா வேகத்துக்கு மாற்றினாள்.

பதிவில் அவளுடைய குரல் வந்தது. கொஞ்சம் மூச்சு வாங்கியது. சாப்பிட்டுக்கொண்டே பேசியிருக்கிறாள்.

“ஊசியை ஏம்மா நிறுத்துனீங்க?”

பதில் இல்லை.

எங்கோ ஒரு ஆடு கத்தியது. இலை நறுக்கும் கத்தரி இரண்டு மூன்று தடவை சத்தம் போட்டு நின்றது. ஒரு பெருமூச்சு.

“அது வந்து...” என்றது இசக்கியம்மாளின் குரல்.

“பயமா இருந்துச்சா?” என்றது மங்கையர்க்கரசியின் குரல்.

ஆடு மறுபடி கத்தியது.

“ஊசின்னா பயம், அப்படித்தானே?”

“ஆமாம்மா.”

“சரிம்மா. ரொம்ப நன்றி. அடுத்த கேள்வி.”

மங்கையர்க்கரசி பதிவை நிறுத்தினாள். திரையில் நௌஷாத் தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது ஒண்ணு இப்படி ஆயிட்டு” என்றாள்.



இன்னொன்றைப் போட்டாள். ஒரு லாரி டிரைவர். கேள்வி, அமைதி, பின்னால் ஹாரன் சத்தம், அவர் தொண்டையைச் செருமுவது. அதற்குள் அவள் குரல்: “ஊசி பயமா?” அவர், “ஆங், அதான், அதான்” என்றார்.

மூன்றாவதைப் போட்டாள். நான்காவதைப் பாதியில் நிறுத்தினாள். ஒவ்வொன்றிலும் அந்த இடத்தில் ஏதோ ஒரு சத்தம் இருந்தது. மிக்ஸி, பிள்ளையின் அழுகை, கோயில் ஸ்பீக்கர். ஒவ்வொன்றிலும் ஆள் வாயைத் திறக்கப் போகும்போது அவள் உள்ளே புகுந்திருந்தாள். எல்லா வாயிலும் ‘பயம்’ என்ற சொல்லை அவளே வைத்திருந்தாள். மௌனத்தை வெட்டும் செயலியில் இவ்வளவு நாளும் கேட்டதால், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் எதுவும் இருந்ததாகவே அவளுக்குத் தெரியவில்லை.

முகம் சூடாகிவிட்டது. முதலில் வந்தது வெட்கம்தான். ஆனால் வெட்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவள் அதைக் கோபமாக மாற்றி எதிரில் இருந்தவர் மேல் போட்டாள்.

“சார், உங்களுக்கு வேலை ஒண்ணுதான். எனக்கு அப்படியா? காலையில ஆறு மணிக்கு ஹாஸ்டல்ல தண்ணி வரலைன்னு போன் வருது. வார்டுல ஒரு பிள்ளை மயங்கி விழுந்தா நான்தான் ஓடணும். இத்தனைக்கும் நடுவுல சாப்பிடுற நேரத்துல உக்காந்து அறுபது பேர்கிட்டப் பேசியிருக்கேன். சாப்பாட்டை வாயில வச்சிட்டுப் பேசியிருக்கேன். அது உங்களுக்குத் தெரியலையா?”

“தெரியுது மேடம். கேட்டுச்சு.”

“நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா உங்களுக்கு என்ன குறைஞ்சிரும்?”

“ஒண்ணும் குறையாது.”

“பிறகு?”

“போடட்டுமா?”

அவள் விழித்தாள்.

அவர் கோப்பைத் திறந்தார். திரையில் அவளுக்கும் தெரியும்படி வைத்தார். கையெழுத்துக்கான கட்டத்தின் மேல் அம்புக்குறி வந்து நின்றது.

“போட்டுர்றேன் மேடம். இப்பவே. நீங்க ‘ம்’னு சொல்லுங்க.”

இவ்வளவு நாளும் அவள் கேட்டது அதைத்தான். வாயைத் திறந்து ஓர் எழுத்துச் சொன்னால் போதும். திங்கட்கிழமை தாளைக் காட்டலாம். கோயம்புத்தூர்க்காரர் வந்த வழியே போகலாம்.

அவளுக்கு வாய் வரவில்லை.

அவர் அவசரப்படுத்தவில்லை.

“நாளைக்குச் சொல்லுதேன்” என்று சொல்லிப் பட்டென்று லேப்டாப்பை மூடினாள். மூடிய பிறகு அழுகை வந்தது. துக்கத்தில் வந்த அழுகை இல்லை, முழுக்க முழுக்க ஆத்திரம். போடமாட்டேன் என்று அந்த ஆள் சொல்லியிருந்தால் நிம்மதியாகத் திட்டித் தீர்த்திருப்பாள். போடட்டுமா என்று கேட்டுவிட்டாரே, படுபாவி.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்பாசமுத்திரம் பஸ்ஸில் ஏறினாள்.

திருந்தி ஏறவில்லை. ஒரு கணக்கோடுதான் ஏறினாள். இசக்கியம்மாளை நேரில் பார்த்து, அதே கேள்வியைக் கேட்டு, இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த அம்மாளே தன் வாயால் ‘பயம்’ என்று சொல்லிவிட்டால் போதும். வாசலிலிருந்தே நௌஷாத்துக்குப் போன் போட்டு ‘ம்’ என்று சொல்லிவிடலாம்.

ஐம்பது பேர் சொன்னது எல்லாமா பொய்யாகிவிடும்?

வீடு கிடைத்தது. ஒற்றை அறை, ஓட்டு வீடு. இசக்கியம்மாள் சொளவுத் தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். ஐம்பதை நெருங்கும் வயது. மங்கையர்க்கரசி பேசத் தொடங்கியதுமே அவள் முகம் மலர்ந்தது.

“போன்ல பேசின அம்மாதானே? சத்தத்த வச்சே கண்டுபிடிச்சிட்டேன். உள்ள வாங்க. நீங்க அனுப்புன வீடியோவ பாத்தேன். அந்தக் கண்ணாடி போட்ட பிள்ள என்னமா நடிச்சிருக்கு!”

“ஊசி இப்ப போடுறீங்களாம்மா?”

“இல்லம்மா” என்று சிரித்தாள்.

இடது கால் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. மங்கையர்க்கரசி கீழே உட்கார்ந்து, கேட்காமலே துணியை அவிழ்த்துப் பார்த்தாள். புண் சின்னதுதான். ஆனால் ஆறுகிற புண்ணின் நிறம் அது இல்லை.

“எத்தன நாளா இருக்கு?”

“அது செருப்பு கடிச்சதும்மா. ஆறிரும்.”

ஆறாது என்று அவளுக்குத் தெரியும். எத்தனையோ கால்களை அவள் பார்த்திருக்கிறாள். பேட்டி, கூட்டம், கோயம்புத்தூர்க்காரர் எல்லாம் சட்டென்று தள்ளிப் போனது. இந்தக் கால் மட்டும் மடியில் கிடந்தது.

“ஊசியை ஏம்மா நிறுத்துனீங்க?”

இசக்கியம்மாள் பேசவில்லை. இலையை எடுத்தாள், தூளைப் பரப்பினாள், சுருட்டினாள், நூலைக் கட்டினாள்.

மங்கையர்க்கரசியின் நாக்கு துடித்தது. வலியா என்று கேட்க வந்தது. போட்டுவிட ஆள் இல்லையா என்று கேட்க வந்தது. யாராவது பயமுறுத்தினார்களா என்றுகூட வந்தது. ஒன்றையும் விடாமல் விழுங்கினாள். ஒரு பீடி கட்டி முடிந்தது. இன்னொன்றும் முடிந்தது. இந்த அம்மா என்ன, தூங்கிவிட்டாளா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. அப்போதும் பேசவில்லை.

“அது வந்து...” என்றாள் இசக்கியம்மாள்.

மங்கையர்க்கரசி பல்லைக் கடித்தாள்.

“பக்கத்து வீட்டுப் பேச்சித்தாய் இருக்காள்லா, அவ வீட்டு ஃப்ரிட்ஜிலதான் மருந்த வச்சிருந்தேன். நம்ம வீட்டுல ஏது ஃப்ரிட்ஜி? நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. பிறகு எங்க வாறுகால் சாக்கடத் தண்ணி அவ வாசலுக்குப் போகுதுன்னு ஒரு சண்ட. பெரிய சண்ட. மருந்தத் தூக்கி எங்க வாசல்ல வச்சிட்டுப் போயிட்டா. நான் சுத்துன பீடியக் குடுக்கக் கம்பெனிக்குப் போயிட்டேன். பூரா வெயில்லயே கெடந்திருக்கு. கெட்டுப்போன மருந்தப் போடலாமா?”

“போடக் கூடாது.”

“அதான் போடல. ஆஸ்பத்திரில மாசாமாசம் புதுசு குடுக்காவ. வாங்கிட்டு வந்து எங்க வைக்க? அவ வாசல்ல போயி நிக்கவா?”

“ஊசின்னா உங்களுக்குப் பயம் இல்லையா?”

“பயமா? எனக்கா?” இசக்கியம்மாள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “வருசக் கணக்கா நானேதான குத்திக்கிட்டேன்.”

“அப்ப போன்ல பயம்னு சொன்னீங்களே?”

“நான் எங்கம்மா சொன்னேன்? நீங்கல்லா சொன்னிய. நான் இந்தச் சண்டைய எங்கருந்து ஆரம்பிக்கன்னு யோசிச்சிட்டிருந்தேன். அதுக்குள்ள பயமான்னு கேட்டிய. ரெண்டாந்தரமும் கேட்டிய. சாப்பிடக்கூட நேரமில்லாமப் பேசுதாவ, பெரிய படிப்பு படிக்காவ, நம்மால கெட்டுப்போக வேண்டாம்னு ஆமான்னுட்டேன்.”

மங்கையர்க்கரசி அவள் காலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை தாள் போகாது. மே மாதம் நாற்காலியில் கோயம்புத்தூர்க்காரர் உட்காருவார், அவள் பழையபடி துணை முதல்வராக எதிரில் நிற்பாள். நினைக்க நினைக்க நெஞ்சு காந்தியது. மிச்சம் ஐம்பத்தொன்பது பேர் என்ன சொல்ல வந்தார்களோ? அவர்கள் கால்கள் எப்படி இருக்கின்றனவோ?

போனை எடுத்து நௌஷாத்துக்கு ‘வேண்டாம் சார்’ என்று மட்டும் அனுப்பினாள்.

பிறகு எழுந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில் தண்ணீர்ப் பானை இருந்தது. முதலாமாண்டு மாணவிகளுக்கு ஒவ்வொரு வருஷமும் அவளே நின்று செய்து காட்டும் பாடம் அது. ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலினை எப்படி வைப்பது? மண்பானை, மணல், கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான்.

“பழைய பானை வேற இருக்கா?”

“கட்டிலுக்கு அடியில ஒண்ணு இருக்கும்.”

“சின்னக் கலயம்?”

“அதுவும் இருக்கு. எதுக்கும்மா?”

தெருவிலிருந்து மணலை அள்ளி வந்து பானைக்குள் போட்டாள். நடுவில் கலயத்தை இறக்கினாள். மணலில் தண்ணீர் தெளித்தாள். ஈரத் துணியால் மூடி, வெயில் படாத மூலையில் நகர்த்தி வைத்தாள்.

“மருந்துக் குப்பியை ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கலயத்துக்குள்ள வைங்க. குப்பியில தண்ணி படக் கூடாது. காலையிலயும் சாயங்காலமும் மணலை நனைச்சுவிடுங்க. நாளைக்கு நானே உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். காலையும் காட்டிருவோம், மருந்தையும் வாங்கிருவோம். பேச்சித்தாய் வாசலுக்கு நீங்க போகவே வேண்டாம்.”

இசக்கியம்மாள் எழுந்து வந்தாள். துணியை விலக்கி, கலயத்துக்குள் கையை விட்டுப் பார்த்தாள். உள்ளே அதற்குள் குளிர்ச்சி இறங்கத் தொடங்கியிருந்தது. கையை எடுக்காமலேயே மங்கையர்க்கரசியை ஏறிட்டுப் பார்த்தாள். இவ்வளவு நேரமும் சிரித்துக்கொண்டிருந்த முகத்தில் முதல் தடவையாகக் கோபம் வந்தது.

“இவ்ளோதானா? இத அன்னைக்கே போன்ல சொல்லியிருக்கலாமேம்மா?”